என் நம்பருக்கு வந்த ஓடிபி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தையல் கடை லைசென்சைப் புதுப்பிக்கப் போன உங்களைச் செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் சென்டரில் நிற்க வைத்துவிட்டேன். உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று என் நம்பரைப் பதிந்து வைத்தவள் நான்தானே. ஓடிபி வந்தபோது ஃபோன் என் பைக்குள் கிடந்தது. நானோ மேடையேறி, "லைசென்சுக்காக இனி யாரும் கால்கடுக்க நிற்க வேண்டாம்" என்று, எங்கள் கம்பெனி அரசாங்கத்துக்குச் செய்த இணையதளத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். கைதட்டினார்கள்.

"பொண்ணு நம்பரா? அப்ப பொண்ணத்தான் வரச் சொல்லணும், பெரியவரே" என்று கவுண்டர்காரர் சொன்னதை அன்று ராத்திரி ஃபோனில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

லைசென்ஸ் கணக்கில் என் நம்பரை எடுத்துவிட்டு உங்கள் நம்பரையே போட்டுவிட்டேன். இதை பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இதுவரை ஓடிபி கேட்கத்தான் கூப்பிடுவீர்கள். இனி சும்மாவும் கூப்பிடுங்கள், அப்பா.

உங்கள் மகள்