என் ஒரு ஓட்டு

மாசி 16, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. தைக்க வேண்டிய ரவிக்கை மூன்று, ஒன்றையும் தொடவில்லை. கவுன்சிலராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வாசலில் கார்.

வெள்ளிக்கிழமை பேரூராட்சித் துணைத் தலைவர் தேர்தல். போட்டியிடுவது இரண்டு கவுன்சிலர்கள். ரைஸ்மில்காரர் பக்கம் அவரோடு ஏழு பேர், பேக்கரிக்காரர் பக்கம் அவரோடு ஏழு பேர். மிச்சம் நான், சுயேச்சை. இன்று வந்தது ரைஸ்மில்காரர், கூடை நிறைய ஆரஞ்சு. எங்கள் வடக்கு வீதிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்றேன். அதற்குத்தானே நின்றேன். பார்க்கலாம் என்றார்.

செவ்வாய்

பேக்கரிக்காரர். அவரும் பார்க்கலாம்தான். கொண்டுவந்த கேக் மட்டும் நன்றாக இருந்தது.

புதன்

சிங்காநல்லூரில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. துருவினேன்.

"உன் ஓட்டு பேக்கரிக்காரருக்குத்தான்னு அவருகிட்டயே சொல்லிப்போட்டேன் அம்மணி."

என்னைக் கேட்காமலேயே! ஒரு ரவிக்கையைத் தைத்து முடித்தேன். நூலை அறுத்துக்கொண்டே சொன்னேன். "வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்குனது நானுங்க."

தலையைச் சொறிந்தார். தப்புதான் என்றார். சொன்னதைத் திரும்ப வாங்க அவரே பேக்கரிக்குப் போனார். பாவம்.

வியாழன்

கொக்கி தைக்கும்போது தோன்றியது. நானே நின்றால்? நேரே ரைஸ்மில்.

"நான் ரெண்டு பேருக்கும் போட மாட்டேனுங்க. ஏழுக்கு ஏழுன்னா குலுக்கல்தான், சீட்டு யாருக்கு உழுகுமோ. நான் நின்னு உங்காளுக போட்டா எட்டு. பேக்கரிக்காரரு வர முடியாதுங்க."

வெகுநேரம் சிரித்தார். "குழாய் கேட்டீங்க, இப்ப நாற்காலியே கேக்கறீங்களே அம்மணி." யோசிக்கிறேன் என்றார். டீ கொடுத்தார். பயத்தில் பாதிதான் குடித்தேன்.

வெள்ளி

ஊதாச் சேலை. ரைஸ்மில்காரர் எழுந்தார். முன்மொழிந்தது என் பெயரை! எட்டு ஓட்டு. கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகிவிட்டது. பேக்கரிக்காரர் வந்து கைகூப்பினார். நல்ல மனுஷர்.

மாசி 30, திங்கள்

முதல் கூட்டத்திலேயே குழாய்த் தீர்மானம் நிறைவேறியது. இன்று வீதியை அளக்க ஆள் வந்தார். டேப்பின் மறுமுனை வீட்டுக்காரர் கையில். நீங்கதான் துணைத் தலைவருங்களா என்று அந்த ஆள் அவரிடம் கேட்டார்.

"இல்லீங்க. அவங்க அங்க நிக்கறாங்க."