கம்பி என் இலாகா, ஒட்டு உங்கள் இலாகா

இன்று காலை உங்கள் நாற்றுப் பண்ணையில் யாரோ மாங்கொப்பு வெட்டியிருக்கிறார்கள். பைக்கை நிறுத்துமுன்பே மாம்பால் வாசம் மூக்கைப் பிடித்து இழுத்தது. முதலமடையில் அந்த வாசத்துக்கு நீங்கள் ஒருவர்தான் பட்டாதாரர் என்று நினைத்திருந்தேன். நீங்கள் போன பிறகும் அது பாட்டுக்கு வீசுகிறது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மாப்பிள்ளை, எழுதுவது உங்கள் பெண்டாட்டியின் அண்ணன். கஞ்சிக்கோட்டு இரும்புச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி. நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தபடி, கம்பி ஆலையில் வெறும் ஷிப்ட் சூப்பர்வைசர்.

அந்தப் பொங்கலன்று உங்கள் வாசலில் நின்று, "சக்கரவர்த்தி எழுந்தருளியிருக்கிறோம், காலில் விழுகிறவர்களுக்குப் பாதி ராஜ்யம்" என்று அறிவித்தேன். உங்கள் மகள் ரஞ்சனிதான் முதலில் ஓடி வந்தாள். பதினாலு வயது. குனிந்து என் காலைத் தொட்டாள். ஆசீர்வாதம் செய்யத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் முதுகில் வலது பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம்.

"ஏம்மிணி, முதுகுக்குள்ள மாங்காய ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பின் ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடப் பை, போன், ஒருக்களித்துப் படுப்பது என்று போய், கடைசியில் வயிற்றில் இருக்கும்போது என் தங்கை தண்ணீர்க் குடம் தூக்கியதில் வந்து நின்றது. உங்களுக்கோ மாந்தோப்புக்காரரின் தைரியம். "எளசுதானுங் மச்சான். கோலு நட்டுக் கட்டுனா நிமிந்துரும். எத்தன செடிய நிமுத்தியிருக்கேன்?" என்றீர்கள். எண்ணெய் போட்டு நீவி உழிச்சில் செய்தீர்கள். சுவரோடு சுவராக நிற்க வைத்தீர்கள். அவளும் சொன்னபடியெல்லாம் நின்றாள். சுவர்தான் நேராக இருந்தது.

கோயம்புத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டியபோது, வால்பாறைக் கொண்டை ஊசி வளைவு அத்தனையையும் சுருட்டி ஒரு குழந்தையின் உடம்புக்குள் வைத்தது போலிருந்தது. இது பையால் வருவதில்லை, படுக்கையால் வருவதில்லை, யார் தப்பும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பெரும்பாலும் காரணமே தெரிவதில்லையாம். எலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்காமல் முறுக்கவும் செய்கிறது, அதனால்தான் விலா ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. வளைவு சிறிதாக, பிள்ளை வளர்கிற காலமாக இருந்தால் பெல்ட் போட்டுப் பார்க்கலாம். இது ஐம்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. விட்டால் இன்னும் ஏறும், நாளாவட்டத்தில் நுரையீரலை நெருக்கும். ஆபரேஷன்தான். திருகுகள் பூட்டி, இரண்டு பக்கமும் கம்பி.

கம்பி என்றதும் நான் சும்மா இருப்பேனா? "எங்க ஆலைக் கம்பிலதானுங் டாக்டர் பாதிக் கேரளம் நிக்குது. மீதிப் பாதி எப்ப உழுகுமோன்னு பயந்துட்டு இருக்குது."

"இது டைட்டானியம் சார்."

"அது எங்க கம்பிக்குத் தம்பி முறையாகோணுமுங்."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.

"நிமிந்த பொறவு கம்பிய எப்பங் கழட்டுவீங்க?" என்று கேட்டீர்கள். செடி நிமிர்ந்தால் கோலைப் பிடுங்குகிறவர் வேறு எப்படிக் கேட்பார்? கழற்ற வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கும் என்றார் டாக்டர். பிறகு சொன்னார், கம்பி வெறும் தாங்கல்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்புத் துண்டுகளைப் பரப்பி வைப்போம், மாதக்கணக்கில் அவை சேர்ந்து ஒரே எலும்பாகும், அதுவரை அசையாமல் பிடித்து வைப்பதுதான் கம்பியின் வேலை.

"ஒட்டுக் கட்டறதுங்களா?"

"ஆமாங்க, கிட்டத்தட்ட அதேதான்!" பிள்ளையின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டதே என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் முகத்தைப் பார்த்தது நான் மட்டும்தான்.

"ஒட்டுப் பிடிக்கலீன்னா?"

எப்போதாவதுதான் அப்படி ஆகும் என்றார். அப்படி ஆகிவிட்டால் கம்பி நாளாக நாளாக அலுத்து முறியக்கூடும், திரும்பவும் செய்ய வேண்டிவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அசைகிற இடத்தில் எந்தக் கம்பியும் ஒருநாள் போகும் என்பது எனக்குத் தெரியாததா?

"ஒட்டுன எடத்துல வளையுமுங்களா?"

"அங்க வளையாதுங்க. இடுப்பிலயும் முழங்கால்லயும் வளஞ்சுக்குவா. பழகிருவா."

மறுநாள் என்னை நாற்றுப் பண்ணைக்குக் கூட்டிப் போனீர்கள். பச்சை வலைக்கு அடியில் ஒட்டுச் செடிகள் வரிசையாக இருந்தன. நடுநடுவே காய்ந்துபோனவற்றைப் பிடுங்கி என் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தீர்கள். "பாருங். இதும் என்ற கைதான் கட்டுனது. இதும். நல்ல குச்சி, நல்ல வேரு, ஒரு கொறையுமில்ல. ஏன் பிடிக்கலேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது."

"மாப்ள, உங்க கைராசி நாடறிஞ்சது. டாக்டரு கைராசிய இதோட சேக்காதீங்."

"செடி போனா வேற செடி கட்டுவேன். இது என்ற புள்ளைங் மச்சான். எனக்குப் பயமா இருக்குதுங்."

வண்டி வண்டியாகப் பொய் சொல்லி உலகத்தையே சமாளித்த வாய் என்னுடையது. அன்றைக்குக் கையில் காய்ந்த குச்சிகளோடு நின்றேன்.

ஆபரேஷன் எப்போது என்றால், மாம்பூ முடியட்டும் என்றீர்கள். பிறகு காய் முடியட்டும். ரஞ்சனி துப்பட்டாவை முதுகை மூடுகிற மாதிரி போடப் பழகிக்கொண்டாள். அடுத்த பூவில் ஒரு மத்தியானம், மருந்தடிக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பாலக்காடு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எமனோடு பேரம் பேச எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்திருக்கலாம் நீங்கள்.

காரியம் முடிந்த கையோடு உங்கள் பெரியப்பா ஆரம்பித்தார். "அப்பன் வேண்டாம்னு வெச்ச காரியம். கம்பி வெச்ச புள்ளைய எவன் கட்டுவான்?"

"பவுன் போட்டவ ஊருக்கு ஆயிரம் பேரு இருப்பாளுங். டைட்டானியம் போட்டவ இருக்காளா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, நான் உட்பட.

இரண்டாவது எக்ஸ்ரேயில் வளைவு இன்னும் ஏறியிருந்தது. என் தங்கை அதைப் பார்த்துவிட்டு அழுதாள். "அவிய மனசுல என்ன இருந்துச்சோ தெரியாம நானு எப்புடிண்ணா சரீன்னு சொல்ல?" எனக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளை. நீங்கள் வேண்டாம் என்றீர்களா, பிறகு என்றீர்களா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்தக் காய்ந்த குச்சிகள்தான் கண்ணில் நின்றன.

பதில் சொன்னது ரஞ்சனி. "அப்பா வேண்டாம்னு சொல்லவே இல்லீங் மாமா. பயமா இருக்குதுன்னுதான் சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுங்களா? எனக்கும்தான் பயமா இருக்குது. எனக்கு ஆபரேஷன் வேணுமுங்."

ஆபரேஷன் அன்று அவள் உள்ளே போன பிறகு, கதவுக்கு வெளியே நானும் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். தண்டுவடத்து நரம்பை ஆபரேஷன் முழுக்க ஒரு மெஷின் கண்காணிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களைக் கண்காணிக்க ஒன்றும் இல்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு காலையும் ஆட்டறாள்" என்றார்.

இப்போது அவள் என் காது வரை வந்துவிட்டாள். தோள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆனால் ஒட்டு? பிடித்து வருகிற மாதிரிதான் தெரிகிறது, இன்னும் சில மாதம் போகவேண்டும் என்கிறார் டாக்டர். நீங்கள் விட்டுப்போன பயம் வேறு யாரிடமும் போகவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்ரேக்கும் முந்தின நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வெளியே மட்டும் வழக்கம்போல ராஜ்யபாரம்.

போன வாரம் படித்துக்கொண்டிருந்தவள் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டாள். நானும் தங்கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.

"ஆரும் எடுக்காதீங்க!" என்று கத்தினாள். "எத்தன நாளைக்கு எடுத்துத் தருவீங்க?"

முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி மெல்ல இறங்கினாள். விரல் ஸ்கேலைத் தொட்டது, நழுவியது, மறுபடி தேடியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலியா, கோபமா என்று தெரியவில்லை. என் வலது கை தானாக நீண்டது. இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், மாப்பிள்ளை. நீங்கள் இருந்திருந்தாலும் உங்களையும் இப்படித்தான் பிடித்து வைத்திருப்பேன். அவள் எழுந்து நிற்கும்வரை விடவில்லை.