சலூன்காரருக்கு ஒரு நுனித்துண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் அதை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆகவே படித்துவிட்டுத் தெரியாதவன் போல இருந்துகொள். நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அந்த வரிசையில் இல்லை, குட்டிதான் முதலில். போனில் பேசலாமே என்று கேட்பாய். நான் போனைக் கையில் எடுத்தால் உன் அப்பாவின் காதும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது, இதில் எழுதப்போவது அந்தக் காதுக்கு ஆகாத சங்கதி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நிறுத்தியது யார், அன்றைக்கு என்ன காரணம் சொன்னார்கள், அப்போது யார் யார் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உன் போன கடிதம் வந்தது. குட்டிக்குக் காய்ச்சல் வந்து போனது என்று அரை வரி, சின்ன ஓடையில் மீன் பிடிக்க மூங்கில் தூண்டில் கழி உசத்தியா கார்பன் கழி உசத்தியா என்று ஒன்றரைப் பக்கம். என்ன மருந்து கொடுத்தீர்கள், சாப்பிட்டாளா, இளைத்துவிட்டாளா, ஒன்றும் இல்லை, கழியின் எடை மட்டும் மருந்துச் சீட்டைப் போலத் தெளிவாக இருந்தது. கடைசியில், அப்பா இன்னும் அந்த மூங்கிலைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறாரா என்று என்னிடம் ஒரு கேள்வி. அவரிடமே கேட்டால் உன் நாக்கில் புண் வந்துவிடும், பதில் சொன்னால் அவர் நாக்கில். பெற்றவரும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசி மூன்று மழைக்காலம் போய்விட்டது, நடுவில் நான் ஒருத்தி சம்பளம் இல்லாத தபால்காரி.

இது எப்படி ஆரம்பித்தது என்று நீ மறந்திருப்பாய், மருமகள் மறந்ததாகச் சொல்வாள், எனக்கு மறக்காது. போன தடவை நீ வந்தபோது அந்தக் கறுப்புக் கழியை உறையோடு கொண்டு வந்தாய். வீட்டுக்குள் அவர் கையில் கொடுத்திருந்தால் நாலு குறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டிருப்பார். நீ சலூனுக்குக் கொண்டு போனாய், அங்கே அத்தனை பேர் முன்னால், 'அந்த மூங்கிலக் கொடி கட்டப் போடுங்கப்பா, துணியாவது காயும்' என்றாய். அவருக்கு அப்போது பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. மீதிப் பாதியோடு எழுந்து வீடு வரைக்கும் நடந்து வந்தார். வந்து, 'உன் கரிக்குச்சிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு, பல்லு விளக்க ஆகும்' என்றார். நீயும் ரோஷக்காரன், சொன்ன தேதிக்கு முன்னாலேயே கிளம்பினாய். மருமகள் உன் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, என் காதில் விழும்படி, 'நல்லது செஞ்சா மதிக்கத் தெரியணும்' என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நீலச் சட்டை, இரண்டாவது பொத்தான் வேறு நிறம். அந்தச் சுவரின் சார்பில் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கழி மட்டும் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி நின்றுவிட்டது. கார்பன் என்றால் கரிதான் என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாள். கரி என்றால் கை கறுக்கும், சுவர் கறுக்கும், நான் சோப்புப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற நாரால் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை, மேலே இருந்த பளபளப்புத்தான் போயிற்று. பார்த்தால் பதறாதே, கழிக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்க்க இப்போதுதான் அடக்கமாக இருக்கிறது.

உன் அப்பாவின் கட்சியை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நான் உன் பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு வரும். நம் ஓடை என்ன அகலம், இந்தக் கரையில் நின்றபடி அந்தக் கரைக்காரனுக்குத் தீப்பெட்டி நீட்டலாம், தலைக்கு மேல் கிளைகள் பந்தல் போட்டிருக்கின்றன, அங்கே தூர வீசி என்ன கிழிக்கப் போகிறோம் என்கிறார். மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி ஒட்டிய கழி தன் கனத்திலேயே வளையுமாம், கயிறு கொஞ்சம் வெளியே இருந்தாலே போதுமாம், நிதானமாகப் போய், மீனை ஏமாற்ற முள்ளில் கட்டிய பொய் ஈயைக் கொசு உட்காருகிற மாதிரி தண்ணீரில் வைத்துவிட்டு வருமாம். உன் கரிக்குச்சி விறைப்புப் பேர்வழியாம், கிட்டத்தில் போடச் சொன்னால் அதற்குக் கௌரவம் குறைந்துவிடுமாம், கயிறு நிறைய வெளியே போனால்தான் வளைய மனசு வருமாம், அதற்குள் ஈ போய் மரத்தில் உட்கார்ந்துவிடுமாம். 'எதிர்க்கரையில நிக்கறவன் தொப்பியப் பிடிக்கத்தான் அது லாயக்கு' என்கிறார். உன் கட்சியும் எனக்கு மனப்பாடம். கார்பன் கனம் இல்லை, கை வலிக்காது, ஈரத்தோடு உறையில் போட்டாலும் கோணிக்கொள்ளாது, வார்னிஷ் பூசு, நிழலில் வை என்று மாமியார் போல அதிகாரம் பண்ணாது, கார்பனிலும் வளைந்து கொடுக்கிற ரகம் சின்ன ஓடைக்கென்றே இருக்கிறது, நீ வாங்கி வந்ததும் அந்த ரகம்தான். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது, மீனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

சலூன் இப்போது சட்டசபை ஆகிவிட்டது. மூங்கில் கட்சி சுவரோரப் பலகையில், கார்பன் கட்சி கண்ணாடிக்கு எதிரே. இதில் பாதிப் பேர் ஓடையைப் பார்த்ததே இல்லை, குளிக்கக்கூடத் தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள். ஒருவர் முகத்தில் நுரையோடு எழுந்து நின்று மூங்கிலுக்கு உயிர் இருக்கிறது, கார்பனுக்கு இருக்கிறதா என்று பேசி முடிப்பதற்குள் நுரை காய்ந்து மறுபடியும் போட வேண்டியதாயிற்றாம். சலூன்காரர் எந்தக் கட்சியும் இல்லை. கையில் கத்தி இருப்பதால் அவர் எதைச் சொன்னாலும் நாற்காலியில் இருப்பவர் தலையை ஆட்டாமல் ஒப்புக்கொள்கிறார். உன் சின்ன வயதில் காதைக் கீறிவிட்டு, பிள்ளை அசைந்துவிட்டான் என்று சொன்னவர் அவர்தான், நீ அசையவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் அப்பாவோ, குடைக்கடையில் மழை இல்லாத மாதங்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த உறவை விட முடியாமல் இப்போது ஈ கட்டுகிறார். முள்ளில் குடை தைக்கிற நூலைச் சுற்றி, டீச்சர் வீட்டுக் கோழியின் இறகைச் செருகுகிறார். அந்தக் கோழிக்கு முதுகில் ஒரு பக்கம் வழுக்கை விழுந்திருக்கிறது, டீச்சர் கோழியையும் பார்க்கிறாள் என்னையும் பார்க்கிறாள். இத்தனை நடந்தும் ஒரு மீன் வீட்டுப் படி ஏறவில்லை. பிடித்த மீனைக் கையில் எடுத்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார். நான் மீன்காரியிடம் வாங்குகிறேன். அவள், 'உங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போறாருன்னாங்களே' என்று இழுத்தாள். பிடிக்கத்தான் போகிறார், கொண்டுவரப் போகவில்லை என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக உன் அப்பாவின் வலது தோள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு குடையை விரிக்க இடது கையைத் துணைக்குக் கூப்பிடுகிறார். ஓடைக்குப் போய் வந்தால் தைலம் தேய்க்கச் சொல்வார், மூங்கில் கனக்கிறது என்று மட்டும் வாயில் வராது, காற்று என்பார், ஈரம் என்பார், படுத்த பக்கம் சரியில்லை என்பார். திடீரென்று தைலம் கேட்பது நின்றது. ஓடைக்குப் போவது நிற்கவில்லை, கூடிற்று, திரும்பி வரும்போது விசில் வேறு. எனக்குப் பொறி தட்டியது. கழியைப் போட்டு வைக்கிற துணிப்பையை வெயிலில் காயப்போட எடுத்தேன். மூங்கில் இருந்தால் அந்தப் பை எவ்வளவு கனக்கும் என்று என் கைக்குத் தெரியாதா, அதை நகர்த்தி நகர்த்தித்தானே தரை பெருக்குகிறேன். காற்றைத் தூக்கினது மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் நின்ற உன் கறுப்புக் கழி உள்ளே படுத்திருக்கிறது. பையின் அடியில் பழைய குடைத் துணியைத் திணித்து, அதற்கு மேலே குறுக்காக ஒரு தையல் போட்டிருந்தார். உன் கழியின் துண்டுகள் குட்டை, அப்படியே போட்டால் பை பாதியில் துவண்டு தெருவுக்கே தெரிந்துபோகும். மூங்கில் எங்கே என்று தேடினால், பீரோவுக்குப் பின்னால் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கொசு உட்காருகிற மாதிரி என்று சலூனில் பேசியதெல்லாம் கரிக்குச்சியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசிய பேச்சு. நான் பையை இருந்தபடியே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். நான் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், கை தோளுக்கு மேலே தடங்கல் இல்லாமல் போகிறது, வருகிறது, அந்தக் கறுப்புக் கழி நாணல் போல வளைகிறது, ஈ போய்த் தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காருகிறது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது, பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம், என் காலுக்கடியில் சுள்ளி முறிந்து தொலைத்தது. திரும்பினார். ஒரே பாய்ச்சலில் கழியைப் பின்னால் இருந்த புதருக்குள் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்தார். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. 'என்ன இந்தப் பக்கம்' என்றார். சாப்பாடு என்றேன். 'இன்னிக்கு மீனே இல்ல, சும்மா தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்' என்றார். பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடந்து வரும்போது பின்னால் அவர் புதருக்குள் துழாவுகிற சத்தம் கேட்டது, அது மட்டும் நன்றாகக் கேட்டது.

அன்றிலிருந்து ஓடைக்குப் போகவில்லை. ஒருநாள் மூங்கிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார், தெருமுனையிலேயே திரும்பிவிட்டார், காற்று அதிகம் என்றார், வெளியே ஒரு இலை ஆடவில்லை. கடையில் உட்கார்ந்து யாரும் கேட்காத குடைகளை விரிப்பதும் மூடுவதுமாக இருக்கிறார், அதுவும் இடது கையால். சலூன் பக்கமும் போவதில்லை. என் சமையலில் குறை சொல்வதைக்கூட விட்டுவிட்டார். வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது, மகனே. இந்த மனிதரோடு இத்தனை காலம் சண்டை போட்டு வாழ்ந்திருக்கிறேன், சண்டைக்கு வராத மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் என்னிடம் வந்தார். குடைக் கம்பி ஒன்றைத் துடைத்துக்கொண்டே, 'சலூன்காரர் பாவம், ஒரு கார்பன் கழி வச்சிருந்தாரு, நுனித்துண்டு ஒடஞ்சுபோச்சாம்' என்றார். சலூன்காரருக்குச் சீப்பும் கத்தியும் தவிர வேறு ஆயுதம் கிடையாது என்பது உனக்கும் தெரியும். அடடா, எப்படி ஒடிந்ததாம் என்றேன். 'மேல உக்காந்துட்டாராம்.' வயதான மனிதர், பார்த்து உட்காரக் கூடாதா என்றேன். 'யாரோ சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்களாம்' என்றார். சாப்பாடு கொண்டு போனவள் மேலே பழி. கம்பியை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார், துரு எல்லாம் போய் அதற்கு மேல் துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு, 'நம்ம பய வாங்கினான்ல, அதே கம்பெனிதானாம். நுனி மட்டும் தனியாக் கெடைக்குமாம். நான் கேக்கச் சொல்லல. நீயா எழுதற மாதிரி எழுதிப் பாரேன்' என்றார். மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு நீ அவருக்கு நம்ம பயலாகிவிட்டாய். சரி எழுதுகிறேன் என்றேன், எதை எழுதுவேன் என்று சொல்லவில்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நுனித்துண்டை வாங்கு, தபாலில் அனுப்பாதே. தபாலில் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், வீட்டில் ஆள் இல்லை என்று நானே சொல்லித் திருப்பிவிடுவேன். நீ கையோடு கொண்டு வர வேண்டும். லீவு கிடைக்காது என்று எழுதாதே, மச்சான் வீடு மாற்றினபோது சாமான் தூக்க உனக்கு லீவு கிடைத்தது, எந்த மாதம் என்றும் சொல்வேன். மருமகளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. சுவர் விஷயத்தை நானாக எடுக்க மாட்டேன் என்று மருமகளிடம் சொல், அவள் எடுத்தால் நான் பொறுப்பில்லை. வந்த உடனே மன்னிப்பு கின்னிப்பு என்று எதையும் ஆரம்பித்துவிடாதே. நீ கேட்டால் அவரும் ஏதாவது சொல்ல வேண்டி வரும், அவருக்கு அது வராது, வராததால் கோபம் வரும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே துணியில் வெட்டின குடைகள். கதவை அவர்தான் திறப்பார், நான் அடுப்படியில் வேலையாக இருப்பேன், என்ன வேலை என்று கேட்காதே. இது சலூன்காரருக்கு என்று சொல்லிக் கையில் கொடு. குடுத்துடறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்வார். பிறகு அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தானே கொடுக்க வேண்டும், அதை ஓடைக்குப் போய்த்தான் பார்க்க முடியும். நீயும் கூடப் போ. முதலில் அவர் வீசட்டும். மூங்கிலைப் பற்றியும் பேசாதே, கார்பனைப் பற்றியும் பேசாதே, தோளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் சொல், எந்த டாக்டரிடம் போகலாம் என்று அப்புறம் நாம் இரண்டு பேரும் அவருக்குத் தெரியாமல் பேசிக்கொள்ளலாம். தாத்தாவிடம் ஈ கட்டக் கேட்கச் சொல்லிக் குட்டியிடம் சொல்லிவை, அவள் கேட்டால் டீச்சர் வீட்டுக் கோழி முழு வழுக்கையானாலும் பரவாயில்லை.

காய்ச்சல் வந்த உடம்பு, குட்டிக்கு வெந்நீரே கொடுங்கள், தலைக்கு ஊற்ற அவசரப்பட வேண்டாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளுக்கும் என் ஆசீர்வாதம், சட்டைப் பொத்தானை மாற்றித் தைக்கச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, சண்டை போடத் தெம்போடு நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை மருமகள் படித்து முடித்ததும் கிழித்துவிடு. இன்னொன்று மறக்காதே, ரயில் சீட்டு எடுத்தவுடன் தேதியை எனக்கு மட்டும் தெரிவி. சலூன்காரரிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தனக்கு ஒரு கழி இருந்ததும் அது ஒடிந்ததும் அவருக்கு அப்போதுதான் தெரியும். கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார், 'நல்ல கழிம்மா அது' என்றார்.

உங்களுக்காகப் பாயை வெயிலில் போட்டு வைத்திருக்கும்,
உன் அம்மா