கோட் இல்லாத படம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் போன் இங்கே போலீசிடம் இருக்கிறது. லீவில் ஊருக்கு வரும் ரூம்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

நான் கார் ஓட்டும் முதலாளி உக்ரைனில் இரண்டு முறை மந்திரியாக இருந்தவர் என்று பெருமையடித்தேனே, அவர் ஊழல் வழக்குக்குப் பயந்து துபாயில் ஒளிந்திருந்தவராம். நானும் அவரும் நிற்கும் படம் போட்ட பாப்பாவின் காதணி விழா பேனர் ஃபேஸ்புக்கில் சுற்றி, அவர் நாட்டுக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டது. அவரைப் பிடித்துவிட்டார்கள்.

பேனர் அடித்த உன் தம்பியைத் திட்டாதே. "எங்கள் குடும்ப நண்பர், உக்ரைன் மாஜி மந்திரி வாழ்த்துகிறார்" என்று போடச் சொன்னது நான்தான்.

"நான் வெறும் டிரைவர் சார்" என்று தினமும் போலீசிடம் அழுகிறேன். டிரைவருக்கு எதற்குக் கோட், நீ அவருடைய கூட்டாளிதானே என்று பேனரில் நான் கோட் போட்டு அவர் பக்கத்தில் நிற்பதைக் காட்டிக் கேட்கிறார்கள். அது பேனர் கடையில் ஒட்டிய கோட் என்றால் ஒருவரும் நம்பவில்லை.

உன் காலில் விழுகிறேன், இன்றே அந்தக் கடைக்கு ஓடு. நான் அனுப்பிய அசல் படம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். என் போனில் அழித்துவிட்டேன். வாங்கி இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம் கொடு, இங்கே அனுப்பிவைப்பார்.

அதில் நான் அவருடைய ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் கோட் ஒட்டச் சொன்னேன். பார்த்தாலும் பரவாயில்லை, அனுப்பிவிடு.

உன் வீட்டுக்காரன்