துடைக்காத கண்ணாடி

ஐப்பசி 9, செவ்வாய்

இன்று ஜன்னல் கழுவப் போன கம்பெனியின் அட்மின் சாரிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாடிவரை எட்டும் நீளக் கம்பு, அதன் நுனியில் பிரஷ், பிரஷ் வழியே தண்ணீர். ஜன்னல் கழுவ எங்களுக்கு சோப்பும் வேண்டாம், துணியும் வேண்டாம். ஓசூர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஃபில்டரில் விட்டு, உப்பு அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கம்பைத் தூக்குவேன். அந்தத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் ஒரு புள்ளிகூட விழாது.

அது அவருக்குத் தெரியாது. "என்னம்மா, சொட்டச் சொட்ட விட்டுட்டுப் போறீங்க? துணி போட்டுத் தொடைங்க. பெங்களூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்க."

"தொடைச்சாத்தான் சார் கோடு விழும். அரை மணி நேரம் குடுங்க, போதும்."

கூட வேலை செய்யும் மஞ்சுளா என் கையைப் பிடித்து இழுத்தாள். "தொடைச்சிட்டுப் போயிரலாங்க்கா. அடுத்த வாட்டி கூப்பிடவே மாட்டாரு."

நான் அசையவில்லை. அவர் ஹவுஸ்கீப்பிங் ஆளைக் கூப்பிட்டு வாசல் கண்ணாடியைத் துடைக்க வைத்தார். காய்ந்ததும் மாடிகள் பளிச்சென்று இருந்தன. வாசலில் மட்டும் துணி போன வழியெல்லாம் கோடு.

அதை மறுபடி கழுவிவிட்டு ஒதுங்கி நின்றேன். காய்ந்த பிறகு அவர் கிட்டே வந்தார். கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்ததுபோல விரலால் தொட்டுப் பார்த்தார். ரேகை பதிந்துவிட்டது.

மஞ்சுளா கம்பை எடுத்தாள். விடு என்றேன்.

அந்தக் கட்டடத்தில் இப்போது இருக்கும் ஒரே கறை அதுதான். அது என்னுடையது இல்லை.