உங்கள் பை கொல்கத்தா போய் வந்தது

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோல்ஃப் பையின் மேலுறை ஜிப்பைத் திறந்தேன். முதலில் உங்கள் தைல வாசனை வந்தது. முழங்கையில் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தப் பச்சைத் தைலம். கூடவே புல், நனைந்த கையுறை. அதற்கும் மேலே, இதுவரை அந்தப் பைக்குள் இல்லாத ஒரு வாசனை, ஷாலினி முகத்தில் பூசுகிற வெயில் கிரீம். சுர்ரென்று கோபம் வந்தது எனக்கு. பிறகு யோசித்தேன். உங்கள் கிளப் மட்டைகளைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தவள் நான்தானே, யார் மேல் கோபப்படுவது?

ஆமாம், கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் அண்ணன் பையைச் சுவரோரம் நிறுத்தி, மேலே உங்கள் வேட்டி ஒன்றைப் போர்த்தி, படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "இனிமே இத யாரும் தொடக்கூடாது. அவன் வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பொம்மனஹள்ளியிலிருந்து வந்து, பைக்கு ஒரு கும்பிடு போட்டு, காபி குடித்து, எனக்கு நாலு புத்தி சொல்லிவிட்டுப் போவார். வருஷம் திரும்புகிற வரைக்கும் வாசலைத் தாண்டாதே என்பது அதில் முதலாவது. நல்ல மனுஷர்தான். உங்கள் காரியத்துக்கு ஓடியாடி எல்லாம் செய்தவர் அவர்தான். ஆனால் புருஷன் போனவள் மூலையில்தான் உட்கார வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

நான் எந்தக் காலத்தில் மூலையில் உட்கார்ந்தேன்? புனேயில் நடந்த டோர்னமென்ட்டை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பை தூக்க ஒத்துக்கொண்டவன் காலையில் வரவே இல்லை, வேறு ஆட்டக்காரரோடு போய்விட்டான். நானோ கார்மென்ட்ஸ் தையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஊர் பார்க்க வந்தவள். நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றீர்கள். "குடுங்க" என்று பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். மற்ற பை தூக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். ஜோகுபாளையத்தில் நம் வீட்டு மூன்றாம் மாடிக்குக் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளைப் பார்த்துச் சிரித்தார்கள், பாவம். பதினெட்டுக் குழியும் நடந்தேன். மறுநாளும் நடந்தேன். அதற்குப் பிறகு கார்மென்ட்ஸ் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பையை விமானத்துக்குக் கட்டுகிற வேலையும் என்னுடையதாயிற்று. கிளப்களின் தலைக்கெல்லாம் உங்கள் பழைய சாக்ஸ், அதற்குமேல் துண்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் வீட்டு மாப்புக் கம்பு. இருப்பதிலேயே நீளமான கிளப்பைவிட அந்தக் கம்பு ஒரு சாண் உயரம். யாராவது பையைத் தலைகுப்புறப் போட்டாலும் அடி கம்புக்குத்தான் விழும் என்பது உங்கள் யோசனை. ஊர் திரும்பியதும் அதே கம்பில் மாப்பைச் செருகி வீடு துடைப்பேன். எங்கள் தெருவில் அத்தனை விமானம் ஏறிய மாப்பு வேறு யார் வீட்டிலும் இல்லை.

விமான நிலையத்தில் நீங்கள் போடுகிற சண்டை வேறு. உடைந்தால் எங்கள் பொறுப்பு இல்லை என்று ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். "ஒடைக்கப் போறது நீங்க. நான் எதுக்குய்யா கையெழுத்து போடணும்?" என்று தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஏறி, இந்தியில் மூச்சு வாங்குவீர்கள். பின்னால் வரிசை நீளும். நான் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு போவேன். விமானம் கிளம்புகிற வரைக்கும் என்னோடு பேசமாட்டீர்கள்.

போன வாரம் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது ஷாலினி போன் செய்தாள். பயிற்சி மைதானத்தில் உங்கள் பக்கத்தில் நின்று அடித்துப் பழகுவாளே, அல்சூர் பெண், இப்போது பெரிய போட்டிகளில் ஆடுகிறாள். நீங்கள் குள்ளம், அவள் நெட்டை, அதனால் கிளப் அளவு இரண்டு பேருக்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. "அண்ணா, உங்க செட்ட குடுங்க, ரெண்டு அடி அடிச்சிக்கறேன்" என்று உரிமையோடு வாங்குவாள். அவள் கொல்கத்தாவிலிருந்து பேசினாள்.

"அக்கா, என் பேக் வரல. டெல்லில ஃப்ளைட் மாத்தும்போது எங்கியோ போயிடுச்சு. நாளான்னிக்கு மேட்ச். இங்க இருக்கற செட் எதுவும் எனக்கு சரிப்படல. அண்ணா செட் உங்ககிட்டதான..."

அதற்கு மேல் கேட்கப் பயந்து நிறுத்திவிட்டாள். நான் யோசிக்கிறேன் என்றேன். உங்கள் கைபட்ட பொருள் என்று எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் அந்த ரப்பர் பெல்ட்டில் வைத்து அனுப்ப வேண்டும். ஒரு பை இப்போதுதான் தொலைந்திருக்கிறது. இதுவும் தொலைந்தால் நான் என்ன செய்வேன்?

எழுந்து போய் வேட்டியை விலக்கிப் பார்த்தேன். நீங்கள் கடைசியாகத் துடைத்த ஈரத்துண்டு உள்ளேயே கிடந்திருக்கிறது. கிளப்களின் பிடியெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. உங்களுக்குப் பிடியில் ஒரு தூசி இருந்தால் ஆகாது. அங்கேயே முடிவு செய்தேன். பிடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நான் அவர் செட்ட எடுத்துக்கினு நாளைக்கு கொல்கத்தா போறேன்."

"வருஷம் திரும்பலையேம்மா. நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர்ல யாராச்சும் சாயங்காலத்துல வந்து எனக்கு பேச்சுத் துணைக்கு உக்கார்றாங்களா மாமா?"

"அது அவன் தொட்ட சாமான்மா."

"அடிச்ச சாமான் மாமா. கும்பிட்ட சாமான் இல்ல."

அவர் போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

டாக்சிக்காரர் பையைப் பார்த்து, "ஏனு மேடம், வீணையா?" என்று கேட்டார். ஹெப்பாளம் தாண்டுகிற வரைக்கும் கோல்ஃப் என்றால் என்னவென்று அவருக்குக் கன்னடத்தில் விளக்கினேன். உங்களோடு போகும்போது நீங்களே பேசிக்கொண்டு வருவீர்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். இந்தத் தடவை என் தொண்டை வலித்தது.

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் வழக்கம்போலச் சீட்டை நீட்டினாள். பேனாவை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

"இதுல ஒண்ணு ஒடஞ்சா, இன்னொண்ணு வாங்க எங்க வீட்டுக்காரர் இல்லம்மா. பொறுப்பு இல்லன்னு நான் எழுதித் தரமாட்டேன். வேணும்னா தொறந்து பாரு, எப்படி கட்டியிருக்கேன்னு."

மேலதிகாரி ஒருவர் வந்தார். உறையைத் திறந்தார், சாக்ஸை அமுக்கிப் பார்த்தார், மாப்புக் கம்பை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அது எதற்கு என்று சொன்னேன். சிரித்துவிட்டார். இவ்வளவு பத்திரமாகக் கட்டியதற்குச் சீட்டெல்லாம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் கத்தியும் நீங்கள் ஜெயிக்காததை நான் குரலே உயர்த்தாமல் ஜெயித்தேன். பொறாமைப்படுங்கள்.

பெரிய சாமான்களுக்கான பெல்ட்டில் பையை நானே வைத்தேன். அது மெல்ல நகர்ந்து ரப்பர் திரைக்குப் பின்னால் போயிற்று. அப்போது அழுதேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது என்று என்னைத் தெருமுனையில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வராத அழுகை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன்.

கொல்கத்தாவில் எல்லார் பெட்டியும் வந்து முடிந்த பிறகு, பக்கத்துக் கதவு வழியாக ஒருவர் பையைத் தூக்கி வந்தார். கம்பின் நுனி நசுங்கியிருந்தது. கிளப்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் யோசனை பலித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்தானே.

ஷாலினிக்கு நானே பை தூக்கினேன். முதல் இரண்டு நாளும் அவள் உங்கள் கிளப்களைக் கண்ணாடிச் சாமான்போல எடுத்துவைத்தாள். அடியிலும் அந்தப் பயம் தெரிந்தது. மூன்றாம் நாள் பந்து மரத்தடியில், பாதி புதைந்த ஒரு கல்லை ஒட்டிப் போய் நின்றது.

"அக்கா, அண்ணாவோட ஏழாம் நம்பர் கிளப் இது. கல்லுல பட்டா போயிடும். ஒரு அடி அபராதம் போனா போவுது, பந்த வெளிய எடுத்து வச்சிக்கறேன்."

"உன் செட்டா இருந்தா என்ன பண்ணுவ?"

"அடிச்சிருப்பேன்."

"அப்ப அடி."

அடித்தாள். ணங்கென்று கல்லில் பட்டது. பந்து குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கிளப்பின் முகத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். கீறலை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன். மண்ணைத் துடைத்துக் கிளப்பைப் பைக்குள் வைத்தேன். ஆட்டம் கெட்டால் என்னிடம் "ஆனது ஆச்சு, நட" என்பீர்களே, அதையே அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் பயமில்லாமல் அடித்தாள். பெரிய பரிசு ஒன்றும் வரவில்லை. ஆட்டம் நன்றாக இருந்தது.

இன்று காலை உங்கள் அண்ணன் வந்தார். கும்பிடப் போனவர் கீறலைப் பார்த்துவிட்டு, காபி குடிக்காமலே போய்விட்டார். அடுத்த ஞாயிறு வருவாரோ என்னவோ. வந்தாலும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஷாலினியின் பை கிடைத்துவிட்டது. அகமதாபாத்துக்குப் பை தூக்க வருகிறீர்களா என்று கேட்டாள், வருகிறேன் என்றேன். பைக்குள் பதினாலு கிளப்புக்கு மேல் வைக்கக்கூடாது என்பது சட்டம். உங்கள் ஏழாம் நம்பரும் எங்களோடு வர வேண்டுமே, அதனால் அவளுடைய ஏழாம் நம்பரை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.