மாதாவைச் சுற்றிப் போன குழாய்

பிப்ரவரி 6, செவ்வாய்

பெர்னெய் மேஸ்திரி இன்று கொல்லையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். என் தம்பி அல்பெய்ரோவுக்கு அறை. அவன் சக்கர நாற்காலியைப் பின்வாசலில் நிறுத்திக்கொண்டு காலை முழுவதும் மேற்பார்வை. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு இரண்டு வருடமாகக் கூடத்து சோபாதான் அவனுக்குக் கட்டில். நான் அங்கேயே உட்கார்ந்து தையல் எந்திரத்தில் ஜீன்ஸுக்குப் பைகள் தைக்கிறேன். அந்தச் சத்தத்தில்தான் அவன் தூங்க வேண்டும்.

அவன் ஜன்னல் கேட்கவில்லை, பெரிய அறை கேட்கவில்லை. கதவு கேட்டான். நாற்காலி நுழையும் அகலத்தில், உள்பக்கம் தாழ்ப்பாளோடு. தாழ்ப்பாள் எதற்கு என்றேன்.

"அதை மாரிலூஸைக் கேளுக்கா."

மாரிலூஸ் கீழ்த்தெருவில் அரேப்பா என்ற சோள ரொட்டி சுட்டு விற்கிறவள். கூடத்து சோபாவில் குடித்தனம் நடத்த வரமாட்டாளாம். கதவு மாட்டின வாரமே கல்யாணத்துக்குத் தயாராம். நியாயம்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

கடப்பாரை ஏதோ ஒன்றில் இடித்தது. பாறை என்று நினைத்தோம். மண்ணை விலக்கினால் பழைய சிமெண்ட் குழாய். மேலே உள்ள வீடுகளின் சாக்கடை எல்லாம் இறங்கி வருகிற அதே குழாய்.

அது இங்கே இருக்கவே கூடாது. சாக்கடைக்கு இரண்டு சேம்பர் தொட்டிகள்: மேல் சேம்பர் ஊர் மன்றத்துப் படிகளுக்குக் கீழே, கீழ் சேம்பர் தெருவோரம். இரண்டும் எங்கள் மதிலுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் எவேலியோவின் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில், ஒரே நேர்கோட்டில். குழாயும் நேராகத்தான் போகும் என்று ஊரே நம்பியிருந்தது. நகராட்சி இந்த மலைமேல் ஏறிப் பார்க்காத காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் கூடித் தோண்டிப் போட்ட குழாய் இது. அந்தக் கூட்டுவேலைக்குத்தான் கொன்வீத்தே என்று பெயர். அப்பாவும் அதில் சிமெண்ட் சுமந்தார். நேராகப் போகிற குழாயை யார் வளைத்தார்கள்?

அல்பெய்ரோ குழியை எட்டிப் பார்த்தான். "ஊர் மொத்தமும் என் கட்டிலுக்கடியில போகப் போகுதா? நல்ல மரியாதை."

வேலை நின்றது.

பிப்ரவரி 12, திங்கள்

நீர் நிறுவனத்திலிருந்து யெசெனியா என்ற பெண் வந்தாள். நிதானமான பெண். மேல் சேம்பரில் கேமரா கம்பியை விட்டுப் பார்த்தாள். குழாய் சந்தில் பாதி தூரம் வந்து, எங்கள் கொல்லைக்குள் தொப்பை மாதிரி புடைத்து, மறுபடி சந்துக்குத் திரும்புகிறது.

குழாய்மேல் கட்ட அனுமதி கிடையாது என்றாள். உடைந்தால் அறையின் தரையைத்தான் பெயர்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் மேல்வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் திரும்பி வரும். குழாயை விட்டு விலகி அறையைச் சுருக்கலாம் – நாற்காலி திரும்பாது. அல்லது தொப்பையை எடுத்துவிட்டுக் குழாயை நேராக்கலாம். நிறுவனத்தின் முறை வர அடுத்த வருடம் ஆகும். ஊர்க்காரர்கள் தோண்டினால், தானே வந்து நின்று வாட்டமும் இணைப்பும் சரிபார்ப்பதாகச் சொன்னாள்.

வளைவு ஏன் என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. மதிலுக்கு அப்பாலிருந்து தோன் எவேலியோ பேசினார். என்னைப் பார்த்து அல்ல, மேஸ்திரியைப் பார்த்து.

"அங்க மாதா இருந்தாங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கார்மேல் மாதாவின் கெபி, சின்னக் குகைக் கோவில், அந்தச் சந்தில்தான் இருந்தது. அவர் காலடியில் அந்தத் தண்ணீரை விட யாருக்கு மனசு வரும்? சுற்றி வளைத்திருக்கிறார்கள். பிறகு படிகளை அகலப்படுத்தியபோது மாதா பேருந்து நிறுத்தத்துக்குக் குடிபோனார். குழாய் மட்டும் இன்னமும் மரியாதையோடு சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது.

பாறைக்கும் மரத்துக்கும் வளைந்த குழாய் பார்த்திருக்கிறாளாம் யெசெனியா. இதுதான் முதல் தடவையாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அந்த இடத்தில் இப்போது எவேலியோவின் செடித் தொட்டிகளும் சேவல் கூண்டும். அவர் சம்மதிக்காமல் ஒரு மண்வெட்டி விழாது. டிசம்பரிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து நேரே எவேலியோ வீட்டுக்குப் போனேன். மாதா நின்ற இடம், அதற்கடியில் அசிங்கம் ஓட விடமாட்டேன் என்றார். திரும்பவும் கோவிலுக்குப் போய்ப் பங்குச்சாமியாரைக் கேட்டேன். "அவங்க வீடு மாறிப் பல வருஷமாச்சும்மா. காலி பண்ணின வீட்டுக்கடியில என்ன ஓடுதுன்னு விசாரிச்சுக்கிட்டா இருப்பாங்க?" என்றார். அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன்.

எவேலியோ தொப்பியைக் கழற்றி மாட்டினார். பிறகுதான் உண்மைக் காரணம் வந்தது.

"மைக்ல சொல்லு. அந்தப் பல்லு எவேலியோவோடது இல்லைன்னு. மறுநாளே தொட்டியை நகர்த்துறேன்."

டிசம்பரில் தெரு கூடி நத்தீயா கிண்டினோம். பாலும் வெல்லமும் மக்காச்சோள மாவும் சேர்ந்து இறுகிய அந்தப் பாகின் நடுவில், பானையைக் காலி செய்யும்போது, ஒரு மேல்வரிசைப் பல்செட். மன்றத்து ஒலிபெருக்கியில் அன்றாட அறிவிப்பு வாசிப்பவள் நான். எரிவாயு வண்டி, காணாமல் போன ஆடு, இறப்பு – எல்லாம் என் குரலில்தான். அன்றும் வாசித்தேன்: பல்செட் ஒன்று கிடைத்துள்ளது, உரியவர் மன்ற அறையில் பெற்றுக்கொள்ளலாம். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் முழுவதும் எவேலியோ வாயைத் திறக்காமல் நடமாடினார். ஊருக்கு அது போதாதா?

அவர் இருட்டும் நேரம் பார்த்து வந்து வாங்கிப் போனார். காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தவள் நான்தான். அது அவருடையது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரி 21, புதன்

ஒரு வரிதான். சொன்னால் என்ன? யாருக்கு நஷ்டம்?

இல்ல, முடியாது. போன மழைக்கு மேல்மலை சரியுதுன்னு புரளி கெளம்புச்சு. அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னாங்க, ஓடல. நொயேலியா சொல்லட்டும்னு நின்னாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து, சரியல, உள்ள போங்கன்னேன். போனாங்க. அந்த மைக்கில எப்படி இதைச் சொல்றது? ஒரு தடவை சொல்லிட்டா அடுத்த மழைக்கு எவ நம்புவா?

அல்பெய்ரோவிடம் சொன்னேன். "எனக்காகப் பொய் சொல்ல வேணாம்க்கா" என்றான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். அந்தப் பக்கம் சுவர் எங்கே இருக்கிறது, தொலைக்காட்சிதான் இருக்கிறது. அதைப் பார்த்தபடி படுத்திருந்தான், அணைத்து வைத்த திரையை.

மாரிலூஸ் இன்று அரேப்பாக்களைக் கருக விட்டாளாம்.

பிப்ரவரி 24, சனி

அறிவிப்புக்கு நான் மன்ற அறையில் உட்கார்ந்திருந்தபோது படிகளில் ஒரே இரைச்சல். பெர்னெய் மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் அல்பெய்ரோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். பின்னால் மாரிலூஸ், அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அறிவிப்பு ஒண்ணு இருக்கு. நான்தான் சொல்லணும்" என்றான்.

என்ன என்று கேட்டேன். மைக்குக்குக் கையை நீட்டினான். மாரிலூஸ் சுவரைப் பார்த்தாள். மைக்கைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"அக்கம்பக்கத்தாருக்கு மாலை வணக்கம். அல்பெய்ரோ பேசுறேன். டிசம்பர்ல நத்தீயாப் பானையில கிடைச்ச பல்லு என்னோடது. பத்திரமா எடுத்து வச்சதுக்கு ரொம்ப நன்றி."

பிறகு மேலிருந்து கீழ் வரைக்கும் சிரிப்பு இறங்கியது. பிறந்ததிலிருந்து ஒரு பல்கூடச் சொத்தை இல்லாதவன் என் தம்பி. வேண்டுமென்றே எல்லாவற்றையும் காட்டிச் சிரித்துக்கொண்டு கீழே போனான்.

எவேலியோ வாசலில் நின்றிருந்தார்.

"பொய் சொல்றவன் வாயையாவது மூடிக்கிட்டுப் போகக் கூடாதாடா?"

"மூடினா ஊர் உங்களைத்தான் நினைக்கும் தோன் எவேலியோ."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சேவல் கூண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. தொட்டிகளை ஒவ்வொன்றாக அவரே நகர்த்துகிறார். என்னோடு இன்னும் பேசவில்லை.

மார்ச் 9, சனி

இன்றைய அறிவிப்பு: நாளை கொன்வீத்தே. ஆளுக்கொரு மண்வெட்டி, சூப்புக்கு வீட்டுக்கொரு கிழங்கு. பழைய குழாயை அறுத்துப் புதியதை இணைக்கும் வரை, சந்துக்கு மேலே உள்ள யாரும் சாக்கடையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. குளியல், துவையல், கழிப்பறை எதுவும் கிடையாது. முடிந்ததும் நானே அறிவிப்பேன். இதை மூன்று முறை, ஒவ்வொரு சொல்லாக, அழுத்தி வாசித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. தெருவோரம் விறகடுப்பில் சங்கோச்சோ சூப்பு கொதித்தது – கோழி, வாழைக்காய், மரவள்ளி. மாரிலூஸ் ஆளாளுக்கு ஊற்றிய சாக்லேட் பானத்தில் நான் மட்டும் நாலு கோப்பை குடித்தேன். குளிர். யெசெனியா விடுமுறை நாளிலும் வந்து, மட்டப்பலகையோடு பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தாள். எவேலியோவின் தொட்டிகள் இருந்த இடத்தில் பள்ளம் நேராக இறங்கியது. அவரும் இடுப்பளவுக்கு உள்ளே நின்று மண் அள்ளினார்.

பழைய குழாயை அறுத்தாயிற்று. புதிய பி.வி.சி. குழாயை உள்ளே வைக்க வேண்டிய நேரம். "மேல இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றாள் யெசெனியா. மன்ற அறைக்கு ஏறினேன். மைக்கைப் போட்டேன். சொன்னேன்: "இன்னும் சிறிது நேரம்தான். யாரும் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டாம்."

மைக்கை அணைக்க மறந்தேன்.

மன்ற அறையை ஒட்டியே கழிப்பறை. நாலு கோப்பை சாக்லேட். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்ச் சங்கிலியை இழுத்தது. அந்தச் சத்தம் நாலு ஒலிபெருக்கி வழியாக மலை முழுக்கக் கேட்டது. எனக்கும் கேட்டது, வெளியிலிருந்து. அதன் பிறகு கீழே பள்ளத்தில் ஆட்கள் அலறிக்கொண்டு தாவி ஏறும் சத்தம்.

மைக்கை அணைத்தேன். உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். இனி இந்த ஊரில் எந்த முகத்தோடு அறிவிப்பு வாசிப்பது? எவ்வளவு நேரம் இருந்தேன், தெரியாது.

கதவு திறந்தது. எவேலியோ. முழங்காலுக்குக் கீழே என்ன ஒட்டியிருந்தது என்று எழுதத் தேவையில்லை. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மைக்கைப் போட்டார்.

"எவேலியோ பேசுறேன். இப்பக் கேட்ட தண்ணிச் சத்தம் நான் இழுத்துவிட்டது. வயசாச்சு, அடக்க முடியல. மன்னிச்சுக்கங்க."

அவர் பள்ளத்துக்குள் நின்றதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். தெறித்ததும் அவர்மேல்தான். கீழே கைதட்டல் கிளம்பியது.

மைக்கை அவரே அணைத்தார். இரண்டு தடவை சரிபார்த்தார். "வாம்மா நொயேலியா. சூப்பு அடிப்பிடிக்குது" என்றார். டிசம்பருக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

குழாய் நேராக இறங்கிவிட்டது. யெசெனியா ஒரு வாளித் தண்ணீர் விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லோரும் வீட்டுக்கு ஓடலாம் என்று நானே அறிவித்தேன். ஓடினார்கள்.

மார்ச் 22, வெள்ளி

அறைச் சுவர் தோள் உயரம். தொட்டிகளைப் புதுக் குழாய்மேல் வைக்கக் கூடாது என்று யெசெனியா சொல்லிப் போயிருக்கிறாள். அவை இப்போது எங்கள் மதில்மேல்.

ஏப்ரல் 20, சனி

நேற்றுக் கதவு மாட்டினார்கள். இன்று காலை கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எவேலியோ. விருந்தில் அவர் நத்தீயாவைத் தொடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாலை அறிவிப்பு: திங்கட்கிழமை எரிவாயு வண்டி வரும். மணமக்களுக்கு வாழ்த்து. வேறு செய்தி இல்லை.

வீடு திரும்பினேன். கொல்லைப்பக்கம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாரிலூஸ் எதற்கோ சிரித்தாள். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் நன்றாகவே குழிந்திருக்கிறது.